கத்தல் சோதனை

காலையில் அம்மா சமையலறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மகள் ஓடிப்போய்த் தாங்கி, ரத்த அழுத்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது நாளாக ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஏம்மா போடல?"

"அவன் கேக்கலயே."

அண்ணன் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் தினமும் விசாரிக்கிறான் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், வயசாகிவிட்டது என்று இவள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். இன்றுதான் அம்மாவின் போனைத் திறந்து பார்த்தாள். 'அம்மா, மாத்திரை போட்டாச்சா?' கீழே அம்மாவின் பதில்: 'போட்டுட்டேன்டா.' இரண்டு வருடமாக, ஒரு நாள் தவறாமல். கடைசியாக வந்தது ஒன்பது நாளுக்கு முன்.

அது அவளுக்குத் தெரிந்த தேதி.

அண்ணன் வேலை பார்த்த அதே பெரிய நிறுவனத்தில்தான் அவளும் இருந்தாள். வீணாகும் மின்சாரத்தைக் குறைக்கும் பிரிவு. யாரும் உரிமை கோராமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினியை அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று பத்து நாள் காத்திருப்பார்கள். கத்தல் சோதனை என்று பெயர். யாரும் கத்தாவிட்டால் அதை உடைத்துவிடுவார்கள். மிச்சமாகும் மின்சாரம் பசுமை அறிக்கையில் ஏறும். இந்த வருடம் நானூறு கணினிகளின் கதையை முடித்திருந்தாள். கடைசியாக ஒன்றை அணைத்து இன்றோடு ஒன்பது நாள்.

அலுவலகத்தில் அதன் பழைய பதிவைத் தோண்டினாள். உரிமையாளர் என்ற இடத்தில் அண்ணனின் பணி எண்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன எமன் மேடம், யாராச்சும் கத்துனாங்களா?"

"எங்கம்மா கத்தல சார். தலைசுத்தி உக்காந்துட்டாங்க."

அவள் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "உங்க பேர்ல எழுதிக்குங்க. ஒரு பெட்டி ஓடினா பூமி ஒண்ணும் வெந்துடாது. நான் பாத்துக்கறேன்."

குளிரூட்டிய நீண்ட கூடத்தில், கடைசி வரிசையில் நின்று பொத்தானை அழுத்தினாள். விசிறி மெல்ல முனகி, சீராக மூச்சுவிடத் தொடங்கியது. இரும்புச் சட்டத்தில் நெற்றியைச் சாய்த்து அழுதாள். அண்ணனை அடக்கம் செய்த அன்றுகூட அவள் இப்படி அழுததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்க்கப் பத்து நிமிடம் ஆனது.

'அனுப்பப்பட்டது' என்று ஒன்பது வரிகள். எதையும் பாதியில் விடாத ஆள் அண்ணன். விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சேர்த்து அவன் எழுதிவைத்த நிரல் ஒரே மூச்சில் கேட்டு முடித்திருந்தது.

அம்மாவை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக அம்மா எடுத்தாள்.

"வந்துட்டான்டி." அம்மாவின் குரல் தூக்கத்தில் சொக்கியது போல் குழைந்தது. "அடுக்கடுக்கா கேக்கறான். அவன்கிட்டப் பொய் சொல்ல முடியுமா? ஆறு போட்டுட்டேன்."

"அம்மா, போடாத. கீழ வை. நான் சொல்றதக் கேளு..."

"இருடி, தண்ணி எடுத்துக்கறேன்."

போனை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு, அட்டையின் தகட்டுத்தாள் மெல்லக் கிழியும் சத்தம்.