வயது ஏறாத நாற்காலிகள்

என் புருஷனுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை, என் மகளுக்கு நேற்று ஒன்று நரைத்துவிட்டது என்று மாடிப்படி ஏறும்போது அவள் நினைத்துக்கொண்டாள். அதில் பிழை ஒன்றும் இல்லை. இரண்டாம் மாடியில் இருந்த அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில், நாற்காலியை விட்டு எழாதவர்களுக்கு வயது ஏறுவதில்லை. கட்டடம் மாறி வந்த முதல் வருடமே இது தெரிந்துபோயிற்று. ஆண்டுக் கணக்கு முடிப்பதற்காக வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்தவர்களுக்கு நகம் வளரவில்லை, தாடி முளைக்கவில்லை. பசி, தாகம், மற்ற உபாதைகள் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு தேநீருக்கு எழுவதை நிறுத்தினார்கள். பிறகு சாயங்காலம் எழுவதையும் நிறுத்தினார்கள். காசாளர் மட்டும் மகள் கல்யாணத்துக்கென்று ஒருநாள் எழுந்தார். தள்ளிவைத்த வயதெல்லாம் அங்கேயே காத்துக்கொண்டிருந்தது. மேசைக்கும் கதவுக்கும் நடுவில் அவருக்குத் தலை வெளுத்தது, கதவுக்கும் படிக்கும் நடுவில் பல் ஆடியது. மண்டபத்தில் அவரைப் பெண்ணின் தாத்தா என்று நினைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவரும் மறுத்துச் சொல்லவில்லை. அதற்குப்பின் யாரும் எழவில்லை. ஓய்வு வயதை ஒருவரும் எட்டாததால் நிர்வாகத்துக்கும் அதில் குறையில்லை.

அவள் தப்பித்தது ஒரு பழக்கத்தால். அவளுக்கு இறப்புக் காப்பீட்டுப் பிரிவு. தொலைபேசியில் ஒருவர் சாவுச் செய்தி சொல்லும்போது உட்கார்ந்துகொண்டு பேச அவளுக்கு வராது. எழுந்து நின்றுதான் கேட்பாள். ஊரில் சாவுக்குக் குறைவில்லை. ஆகையால் சேர்ந்த சில நிமிடங்கள் அவ்வப்போது அவள்மேல் வந்து இறங்கும், யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு மகளிடம் போவாள். எதிர்மேசையில் கணவர் உட்கார்ந்திருப்பார். "நாளைக்கு எந்திரிச்சிடறேன்" என்பார். ஆரம்பத்தில் அதை மனதாரத்தான் சொன்னார். மகள் பள்ளிச் சீருடையில் வந்து அவர் நாற்காலிக் கையில் சாய்ந்து நின்றாள், பிறகு கல்லூரிப் பையோடு வந்தாள், பிறகு வேலை கிடைத்ததைச் சொல்ல வந்தாள். அன்று இருவரும் அண்ணன் தங்கை போல இருந்தார்கள். அதன்பின் மகள் வருவதைக் குறைத்துக்கொண்டாள். தபால் பிரிவுக்காரர் வாயாடி. சேர்ந்த புதிதில் அவளைத் தங்கச்சி என்றார், கொஞ்ச காலம் கழித்து அக்கா என்றார், இப்போது அம்மா என்கிறார்.

"அம்மா, தலைக்குக் கொஞ்சம் மை பூசுங்க. போன வாரம் வந்த ஆளு இவரைக் காட்டி, உங்க பையனாங்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூத்தவன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அறையே சிரித்தது. கணவர் சிரிக்கவில்லை. அவர் விரலிலிருந்து பேனா நழுவியது. அது தரையில் உருண்டபோது சிரிப்பு சட்டென்று நின்றது. அந்த அறையில் ஏதாவது கீழே விழுந்தால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் கை பாதி வழி நீண்டு அப்படியே நின்றது. அவள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். எழுந்துவிடுங்கள் என்று அவள் ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் கதவை எட்டுவதற்குள்ளேயே அவர் விழுந்துவிடுவாரோ என்று பயமா, அல்லது முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயமா? இத்தனை வருடத்தில் அவளால் அதைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க விரும்பவுமில்லை.

அன்று அவளுடைய கடைசி வேலை நாள். அந்த அலுவலகத்தில் முதன்முதலாக ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்பதால் எல்லோரும் ஒருவித அவமானத்தோடு இருந்தார்கள். நாளை முதல் அவளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. அவள் மகள் வயதில் இருந்த மேலாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "இப்பவே உட்கார்ந்துட்டா உங்க வயசுக்கு இன்னிக்கு சாயங்காலமே வராதும்மா. சட்டத்துல இடம் இருக்கு."

கணவர் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுவைக்கச் சொல்லியிருந்தார். புதியது, பஞ்சு வைத்தது. அதன் முதுகில் கை வைத்திருந்தார். சுருக்கம் இல்லாத கை.

"இதுக்குமேல வயசு வித்தியாசம் ஏற வேணாம்," என்றார் மெதுவாக. "நீ போயிட்டா நான் யாரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்? உட்காரு. நீ இப்படியே இரு, நான் இப்படியே இருக்கேன். எனக்கு அது போதும்."

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அவர் பக்கத்தில் ஒருதரம், ஒரே ஒருதரம், சாய்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசை வந்தது. வெளியே மகள் இருந்தாள், பேருந்து இருந்தது, வரப்போகிற எல்லா நோய்களும் இருந்தன. அவள் நாற்காலி முதுகிலிருந்த அவர் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, அவர் மடியிலேயே வைத்தாள்.

"வேண்டாங்க," என்றாள். "ரொம்ப நேரம் உட்கார்ந்தா எனக்குக் கால் மரத்துப்போகும்."