பெட்டி யார் வாசலில்?

ஐ.டி. பணத்தில் மாடிமேல் மாடி ஏறியதில், ஹப்சிகுடா காலனியில் மின்கம்பிகள் பால்கனியில் துணி காயப்போடும் தூரத்துக்கு வந்துவிட்டன. கம்பிகளை மண்ணுக்குள் புதைக்கலாம் என்று ஜெகநாதன் சொன்னதும் காலனி சங்கக் கூட்டமே கை தூக்கியது. பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்புறம்தான் மின்வாரிய இன்ஜினியர் வாயைத் திறந்தார். புதைத்த கம்பிகளை இணைக்க ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று யாராவது ஒருவர் வாசலில் நின்றே ஆகவேண்டுமாம்.

உடனே காலனி முழுக்க வாஸ்து பொங்கியது. ரெட்டி வீட்டுக்கு அது ஈசானிய மூலையாம், இரும்பு ஆகாதாம். யூசுப் பாய்கூட, "நம்ம கேட்டுக்கு நக்கோ, வேணாம் சாப், வாஸ்து சரியில்ல" என்றார்.

ஜெகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "படிச்சவங்கதானே நீங்க? வாஸ்துவாவது வெங்காயமாவது! எனக்கு அதுல துளிகூட நம்பிக்கை கிடையாது!" என்று மேஜையைத் தட்டினார்.

சங்கத் தலைவர் ராவ் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ பெட்டி உங்க வாசல்லயே இருக்கட்டும் சார். தோஷம் ஒட்டாத வீடு உங்களோடது ஒண்ணுதான்."

கைதட்டல் அடங்குமுன் ஜெகநாதன் மனைவியின் பக்கம் குனிந்தார்.

"கனகம், போன வருஷம் நீ கூட்டிட்டு வந்து நான் விரட்டிவிட்டேனே, அந்த வாஸ்து ஐயா நம்பர் இருக்காம்மா?"