மாலை போட்ட படம்

கொடி நாளுக்குத் திண்டிவனத்தில் விழா என்று ரிட்டையர்டு ஹவில்தார் விருத்தாசலம் கிளியனூருக்கே வந்து என் வீட்டுக்காரர் போட்டோவைக் கேட்டபோது, நான்தான் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். பெரிய அதிகாரிகள் வருவார்கள், முகத்தைப் பார்த்தால் யாராவது விசாரித்துச் சொல்ல மாட்டார்களா என்கிற நப்பாசை. என் வீட்டுக்காரர் சக்கரபாணி இலங்கைக்குப் போன பட்டாளத்தில் இருந்தவர். போன வருஷம் தீபாவளிச் சமயத்தில் காணவில்லை என்று தந்தி வந்தது. காணவில்லை என்றுதான் வந்தது. எனக்கும் படிக்கத் தெரியும்.

மாமியார் வெள்ளையம்மாள் அன்றே சொல்லிவிட்டாள்: "எம் புள்ள வழி தெரியாம எங்கனா நின்னுக்கினு இருப்பான். இந்த வூட்ல எவளாச்சும் அழுதீங்க, தொலைச்சிடுவேன்." துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவளுக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை. இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி.

விழாவுக்கு மாமியாரும் என்னோடு வந்தாள். மண்டப வாசலில் ஒரு பெண் சந்தனம், குங்குமம், கல்கண்டு வைத்த தட்டோடு நின்றாள். யார் வீட்டு ஆள் என்று கேட்டாள். சொன்னேன். சட்டென்று தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டு கல்கண்டை மட்டும் எடுத்து நீட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் குங்குமத்தை நானே எட்டி எடுத்து வைத்துக்கொண்டேன்.

உள்ளே மேடையில் ஐந்தாறு படங்கள். எல்லாவற்றுக்கும் சந்தன மாலை, முன்னால் எரிகிற குத்துவிளக்கு. நடுவில் என் வீட்டுக்காரர்.

விருத்தாசலத்தைத் தேடிப் பிடித்தேன். "இன்னாங்க இது? காணாம போனவரு படத்துக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்தி வச்சிக்கிறீங்களே! கழட்டுங்க மொதல்ல!"

அவர் கையைப் பிசைந்தார். "வருஷம் ஒண்ணாச்சேம்மா. மரியாதைன்னு நெனச்சித்தான் பண்ணோம். ஜனமெல்லாம் வந்து குந்திக்கினு இருக்குது, இப்ப போயி கழட்டினா நல்லா இருக்காதும்மா."

மனுஷர் கெட்டவர் இல்லை. அதுதான் பேஜாரு. கெட்டவராக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன்.

மைக்கில் "வீரமரணம் அடைந்த" என்று ஆரம்பித்துப் பெயர்களைப் படித்தார்கள். என் வீட்டுக்காரர் பெயரையும் படித்தார்கள். மௌன அஞ்சலி என்றதும் மண்டபமே எழுந்து நின்றது. மாலையை நானே கழற்றி எறிவது என்று மேடைப் பக்கம் நடந்தேன்.

"ஐயோ, என் ராசா!"

திரும்பினேன். மாமியார் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அத்த, அழாதீங்க. அவரு வந்துடுவாரு. நீங்கதான சொன்னீங்க?"

"இத்தினி பெரிய மனுசங்க எழுந்து நிக்கிறாங்களேடி," என்றாள். "தெரியாமலா நிப்பாங்க?"

நின்றவர்களில் ஒருவர்கூட அசையவில்லை. அவர்களை உட்காரச் சொல்ல என்னால் முடியவில்லை. இவளை எழுப்பவும் முடியவில்லை. அவருக்காகக் காத்திருக்க இனிமேல் நான் ஒருத்திதான்.