சஞ்சயன் தேநீர் குடிக்க வந்த வருடங்கள்

இறந்து பத்து வருடம் கழித்து, 2019 மே மாதத்திலிருந்து, சஞ்சயன் தினமும் மாலை ஐந்து மணிக்குத் தன் அக்காள் சிவகௌரியின் வீட்டுக்கு வந்து பால் விடாத பிளேன்டி குடித்துவிட்டுப் போனான். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த சிவகௌரி டீச்சர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. போரில் செத்தவர்களுக்கு நீதி கேட்டு வெளிநாடுகளில் ஊர்வலம் போகிறவர்கள் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு பேரைச் சொல்கிறார்கள், சொல்லும்வரை வருவான் என்றார். தபால்காரரும் அவனுக்கு வணக்கம் வைக்கப் பழகிக்கொண்டார்.

பொறுக்க முடியாதவள் தொழிலாளர் வரிசைவீடுகளான கீழ் லயத்துப் பூரணி ஒருத்திதான். எண்பத்துமூன்று கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்கு ஓடிய குடும்பம் அவளுடையது. அங்கேயே கலியாணம் கட்டி, சஞ்சயனைக் கொன்ற அதே ஷெல்லுக்கு முள்ளிவாய்க்கால் கரையில் புருஷனையும் பறிகொடுத்து, மறுபடி கொழுந்து பறிக்கத் திரும்பியவள். வேலை முடிந்து வரும் வழியில் டீச்சர் வாசலில் நின்று, அவன் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்ப்பாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஒரே ஷெல்லுலதானே டீச்சர் ரெண்டு பேரும் போனாங்க? ஒங்க தம்பி மட்டும் வர்றாரு. எங்க வீட்டு ஆளு என்னா, மனுசன் இல்லியா?"

டீச்சர் தம்பியின் கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

2022இல் தூரத்து நாடொன்றில் புதுப் போர் தொடங்கியது. ஊர்வலங்களில் வேறு படங்கள் வந்தன. சஞ்சயன் முதலில் பாதங்கள் இல்லாமல் வந்தான். பிறகு குடித்த தேநீர் நெஞ்சு வழியாகத் தரையில் ஒழுகியது. அந்த வாரம் பூரணி பாட்டுப் பாடிக்கொண்டு கொழுந்தெடுத்தாள். அடுத்த வருடம் தை மாதம் அவன் வரவே இல்லை. ஆறிய கிளாஸின் முன்னால் டீச்சர் உட்கார்ந்திருப்பதைக் கண்குளிரப் பார்க்கத்தான் பூரணி போனாள்.

"பூரணி, உங்கட அவரின்ர பேர் என்ன?" என்றார் டீச்சர். "இவ்வளவு வருசமா நான் கேக்கேல்லையே."

புருஷன் பேரைப் பூரணி ஒருநாளும் சொன்னதில்லை, மரியாதை அது. இறந்தவர்கள் பட்டியலில் அவர் 'அடையாளம் தெரியாத ஆண்'. பிள்ளைகளும் இல்லை. அந்தப் பேரைச் சொல்ல உலகத்தில் அவளைத் தவிர ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கணேசமூர்த்தி" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

டீச்சர் திருப்பிச் சொன்னார். பதிலுக்கு, அரை மனதோடு, "சஞ்சயன்" என்றாள் பூரணி.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள், கொஞ்சம் மங்கலாக. பெண்கள் இருவரும் தினமும் பேர் சொல்கிறார்கள், அவர்களும் தினமும் வருகிறார்கள். கணேசமூர்த்திக்கு மூன்று கரண்டி சீனி. ஆனால் அவர் சஞ்சயனோடுதான் பேசிச் சிரிக்கிறார். "அப்பிடி என்னாங்க பேசுறீங்க?" என்று கேட்டால் சொல்வதில்லை. பூரணிக்கு இப்போது அதுதான் பொறாமை.