பேராசிரியர் பெயரில் ஒரு காளான்

உஸைர் ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு காட்டுக் காளான்களை அடையாளம் கண்டு வகைப்படுத்தியிருந்தான். அவற்றைப் பற்றி வெளிவந்த மூன்று கட்டுரைகளில் உஸைரை அடையாளம் காண்பதுதான் கொஞ்சம் சிரமம். மூன்றிலும் முதல் ஆசிரியர், அவனுடைய கைடு பேராசிரியர் அரிகிருஷ்ணன். இரண்டாவது ஆசிரியர் கல்லூரி முதல்வர். அவர் காளானைக் கல்யாணப் பந்தியில் மட்டும் பார்த்தவர். மூன்றாவது ஆசிரியர் பேராசிரியரின் மச்சான். தட்டாஞ்சாவடியில் மோட்டார் பம்புக்கு வாஷர் அடிக்கும் பட்டறை வைத்திருந்தார். உஸைரின் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், ஜீப் ஓட்டியவருக்கு அடுத்ததாக வந்தது. இரண்டாவது கட்டுரைக்கு ஜீப் கிடைக்கவில்லை. அதனால் அவன் ஓரிடம் முன்னேறினான்.

இப்படியே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகம் ஒரு விதி வைத்திருந்தது: ஆய்வேட்டைக் கொடுப்பவர் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும். உஸைரின் பதிவு 2006 டிசம்பர் 31 வரைதான். அதற்குள் கட்டுரை வராவிட்டால் ஐந்து வருடமும் மழையோடு போனதாகக் கணக்கு. அவனுடைய அத்தா கமருஸ்ஸமான், பெரிய மார்க்கெட் பக்கம் குடைக்கடை வைத்திருப்பவர், மாற்று ஏற்பாடு ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்.

"அங்கயும் குடைதான், இங்கயும் குடைதான். இங்க இருக்கறத நாலு பேரு வாங்கவாவது செய்வாங்க. வந்து கல்லாவுல குந்து."

உஸைரின் கடைசி நம்பிக்கை கல்லூரிக் கழிப்பறைக்குப் பின்னால் முளைத்திருந்தது.

அதைக் கண்டுபிடித்த பெருமை, சரியாகச் சொன்னால், துறையின் அட்டெண்டர் கண்ணையனின் மூக்கைச் சேரும். முந்தைய வருடத்து ஐப்பசி மழையில் ஒருநாள் காலை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"தம்பி, மூங்கிப் பொதரண்ட எலி இன்னாமோ செத்துக் கெடக்குது. வவுத்தப் பொரட்டுது. வந்து பாரு."

எலி கிடைக்கவில்லை. மூங்கில் சருகுக்கு நடுவில் கோழிமுட்டை போல் ஒன்று வெடித்து, அதற்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு எழுந்து நின்றது. தலையில் கரும்பச்சைக் கூழ். கூழின்மீது ஈக்கள் மாநாடு. காலை ஆறு மணிக்கு விறைப்பாக நின்ற அது பன்னிரண்டு மணிக்குள் துவண்டு படுத்துவிட்டது. நாற்றத்தால் ஈயை வரவழைத்து, அதன் காலில் தன் வித்துகளை ஒட்டி அனுப்பும் காளான் இனம் அது. அந்த இனத்தில் உலகம் அறிந்தவை எல்லாவற்றோடும் உஸைர் ஆறு மாதம் ஒப்பிட்டுப் பார்த்தான். தண்டின் துளைகளை எண்ணினான். வித்துகளை அளந்தான். காயவைத்த மாதிரி ஒன்றைப் பிரான்சில் உள்ள பழைய காளான் சேமிப்பகம் ஒன்றுக்கு அனுப்பினான். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது: இதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை, சீக்கிரம் வையுங்கள்.

சேதி கேட்டு அரிகிருஷ்ணன் சார் நாற்காலியிலிருந்தே பரபரப்பானார். காளான் துறையில் இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ள அவர், பதினைந்து வருடமாக மழையில் கார் ஷெட்டைத் தாண்டியதில்லை. காளான் அவரிடம் வரும். ஃபார்மலின் பாட்டிலில், மூடி போட்டு, மணமில்லாமல் வரும். இதுவும் அப்படித்தான் வந்தது. கூடவே விடிகாலையில் எடுத்த ஒரு கலர் போட்டோவும்.

"கம்பீரமா நிக்குதுய்யா! தலையில பாரு, கிரீடம் வெச்ச மாதிரி."

"அது கிரீடம் இல்ல சார். அது வந்து..."

"பெரியவங்க பேசும்போது குறுக்க வராத. பேரு இன்னா வெச்சிருக்க?"

"ஊரு பேரு சார்."

"ஊரு பேரையே இப்பத்தான் மாத்திக்கினு கெடக்கறானுங்க. நாளைக்கி மறுபடியும் மாத்துனா இன்னா பண்ணுவ? மாறாத பேரா வையி."

மாறாத பெயர் எது என்பதை அவர் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த தன் பெயர்ப்பலகையை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து, அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"வெச்சிடலாம் சார். லத்தீன் வால் ஒட்டி, அரிகிருஷ்ணனி. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. கண்டுபிடிச்சவங்க தன் பேரத் தானே வெச்சுக்கற வழக்கம் கெடையாது."

"நானா வெச்சுக்கறேன்? நீதான வெக்கிற?"

"கட்டுரை எழுதுனவங்கள்ல உங்க பேரும் இருந்தா, நீங்களே வெச்சுக்கிட்ட மாதிரிதான் சார். உலகம் பூரா சிரிப்பானுங்க."

"கடைசிப் பேரா போடு."

"கடைசியில இருந்தாலும் நீங்கதான சார்."

"சரி, மச்சான் பேரு மட்டும் இருக்கட்டும்."

"போடலாம் சார். ஆனா உங்க மச்சான்தான் உங்களுக்குப் பேரு வெச்சாருன்னு பதிவாயிடும். நிரந்தரமா."

சார் தண்ணீர் குடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் துறையிலிருந்து அவர் பெயரில்லாமல் ஒரு கட்டுரை வெளியே போனதில்லை. கட்டுரையில் பெயரா, காளானில் பெயரா என்று மூன்று நாள் யோசித்தார். அந்த மூன்று நாளும் உஸைர் குடைக்கடைக் கனவு கண்டான்.

நான்காம் நாள் தீர்ப்பை வழங்கியது பக்கத்து விலங்கியல் துறை. அங்கே நிர்மலா மேடத்தின் மாணவி ஒருத்தி, காலாப்பட்டுக் கடலில் பிடித்த திருக்கை மீனின் குடலிலிருந்து ஒரு புதுப் புழுவை எடுத்து அதற்கு மேடத்தின் பெயரை வைத்திருந்தாள். மேடம் அந்தப் புழுவின் படத்துக்குச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். சார் ஏதோ கையெழுத்துக்காக உள்ளே போய், அதைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தார்.

"உஸைரு! கட்டுரையில இருந்து என் பேர எடுத்துரு. மச்சான், பிரின்சிபால், எல்லாத்தயும் எடு. காளானுக்கு வையி. அந்தம்மா குடல்ல இருந்த புழுவுக்கே சட்டம் போட்டிருக்குது!"

"மேடம் குடல் இல்ல சார். திருக்கைக் குடல்."

"எல்லாம் ஒண்ணுதான். வையி."

அடுத்த சிக்கல் லத்தீன். புதிய காளானை லத்தீனில் விவரித்தால்தான் பெயர் செல்லும் என்பது அன்றைய சர்வதேச விதி. வேறு ஊராக இருந்தால் திண்டாடியிருப்பான். பிரெஞ்சுக்காரர் ஆண்ட, ஐயாவை முசே என்று அழைக்கும் இந்த ஊரில் சவரிநாதன் முசே இருந்தார். பாதிரியார் ஆவதற்குக் குருமடத்தில் பாதி படித்து, மீதியைக் கல்யாணத்துக்காக விட்டுவிட்டு ஓடிவந்து, பிறகு முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். உஸைரின் குறிப்பைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"உள்ள முழுக்கக் காலி. காலையில விறைப்பா நிக்கும், மத்தியானத்துக்குள்ள சாஞ்சிடும். நாத்தம், அழுகுன மாமிசம் மாதிரி. ஈயத் தவிர எதுவும் கிட்ட வராது." முசே கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு யாரு பேரு தம்பி?"

"எங்க சார் பேரு, முசே."

"உசுரோட இருக்காரா?"

"இருக்காரு."

"லத்தீன் தெரியுமா அவருக்கு?"

"தெரியும்னு சொல்லுவாரு."

"அப்ப தெரியாது," என்று முசே பேனாவைத் திறந்தார். "மெர்சி, நன்றி தம்பி. பூசைக்கு அப்புறம் லத்தீனுக்கு இவ்ளோ நல்ல வேலை வந்து ரொம்ப நாளாச்சு."

உஸைர் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது நியாயம். எல்லாம் அவன் அளந்தது, எண்ணியது, மோந்தது. அனுப்புவதற்கு முன் சாரிடம் கொண்டுபோய், "ஒரு தரம் படிச்சுப் பாத்துடுங்க சார்" என்று இரண்டு தரம் சொன்னான். அரிகிருஷ்ணன் எந்தக் கட்டுரையிலும் தலைப்பு, ஆசிரியர், நன்றி ஆகிய மூன்றை மட்டும் படிப்பவர். இந்த முறை மனம் நெகிழ்ந்து லத்தீன் பத்தியையும் சத்தமாக வாசித்தார், தேவாரம் ஓதுகிற குரலில்.

"அடடா. பாஷைன்னா இது பாஷை. பிரெஞ்சுக்கே தாயாச்சே! 'கீழே ஒப்புதல்'னு போடு, கையெழுத்துப் போடறேன்."

கட்டுரை டிசம்பர் முதல் வாரம் இதழில் வந்தது. ஆசிரியர்: உஸைர். ஒரே ஒருவர். அவன் அந்தப் பக்கத்தைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினான். அத்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குடையே இல்லியே இதுல. கம்பி மட்டும்தான இருக்கு" என்றார்.

ஆய்வேட்டில் சாரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "விழா முடியட்டும்" என்றார் சார். காளானுக்குப் பெயர் வைத்ததைக் கொண்டாடும் விழா டிசம்பர் இருபதாம் தேதி. கல்லூரி வாசலில் பதினைந்தடி பேனர்: இடப்பக்கம் சார் கைகட்டி நிற்க, வலப்பக்கம் காளான் அதே உயரத்துக்கு நின்றது. நடுவில் 'உலகம் வியக்கும் அரிகிருஷ்ணனியே!' என்று மாணவர் பேரவை.

"மேடையில பாட்டில் வெக்கலாம் சார்," என்றான் உஸைர்.

"செத்தத எதுக்குய்யா காட்டணும்? உயிரோட கொண்டாங்க."

"உயிரோட வேணாம் சார். கொஞ்சம் வாசன வரும்."

"வரட்டுமே! மணக்க மணக்க வரட்டும்."

நான்கு நாள் மழைக்குப் பிறகு அன்று காலை மூங்கில் புதரில் ஏழு முளைத்திருந்தன. கண்ணையன் ஏழையும் வெள்ளித் தாம்பாளத்தில் வைத்து, பட்டுத் துணி போர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு மேடைக்குக் கொண்டுவந்தார். குளிர்சாதன அரங்கம், ஜன்னல்கள் திறக்காதவை. கல்லூரி முதல்வர் துணியை விலக்கினார். அவர் முகம் மாறியது முதல் வரிசைக்குத் தெரிந்தது. காரணம் ஐந்தாவது வரிசைக்குப் போய்ச் சேர அரை நிமிடம் ஆனது. ஈக்கள் எப்படி உள்ளே வந்தன என்பது இன்றுவரை தெரியவில்லை. பெயருக்குரியவரை அவை எப்படியோ கண்டுகொண்டன. அவருக்குப் போர்த்திய சால்வையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

எல்லோரும் கைக்குட்டையைத் தேடிய நேரத்தில் நிர்மலா மேடம் மட்டும் இதழைத் தேடி எடுத்தார். கட்டுரையில் ஆங்கில விவரணையும் இருந்தது.

"அரி சார், இதுல ஒங்களப் பத்தி எழுதியிருக்கறத எல்லாருக்கும் தமிழ்ல சொல்லிடட்டுமா?" என்று மூக்கைப் பிடித்தபடி கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல், "உள்ளே முழுக்கக் காலி" என்று தொடங்கினார். மாணவர் பேரவை எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் அறைக்கதவைச் சாத்திவிட்டு சார் சொன்னார்:

"மாத்துய்யா பேர."

"முடியாது சார். மொதல்ல வெச்ச பேருதான் நிக்கும். சட்டம் அப்படி. வெச்ச நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

"அப்ப நான் கையெழுத்துப் போடல. ஒன் ஆய்வேடு இப்படியே கெடக்கட்டும்."

பத்து நாள் இருந்தது. குடைக்கடைக் கல்லா கண்ணில் தெரிந்தது. உஸைர் ஐந்து வருடத்தில் படித்த வகைப்பாட்டு விதிகளை எல்லாம் ஒருமுறை மனதில் ஓட்டினான். கடைசியில் ஒன்று தட்டியது.

"ஒரு வழி இருக்கு சார். இந்தக் காளான் பழைய காளான் ஒண்ணேதான்னு யாராவது ஆராய்ஞ்சு நிரூபிச்சா, புதுப் பேரு செல்லாமப் போயிடும்."

சார் நிமிர்ந்தார். "யாரு நிரூபிக்கணும்?"

"இந்த இனம் தெரிஞ்சவங்க யாராவது. இந்தியாவுல நான் ஒருத்தன்தான் சார்."

"அப்ப நிரூபிய்யா!"

"செய்யலாம் சார். ஆனா மாணவன் சொன்னா எவன் கேப்பான்? டாக்டர் உஸைர்னு இருந்தாத்தான் எடுபடும்."

பேராசிரியர் ஆய்வேட்டை இழுத்து முன்னால் வைத்தார். பிறகு பச்சை மைப் பேனாவை எடுத்து, நான்கு பிரதியிலும், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். செல்லாமல் போன பெயரும் 'இதுவும் அதுவே' என்ற குறிப்போடு பட்டியலில் என்றைக்கும் இருக்கும் என்பதை உஸைர் சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை.

டாக்டர் உஸைர் இப்போது அதே துறையில் விரிவுரையாளர். ஆராய்ச்சி நடந்துகொண்டே இருக்கிறது. சார் வாராவாரம் விசாரிக்கிறார். ஐப்பசி பிறந்து மழை பிடித்தால், கண்ணையன் காலை ஆறு மணிக்கே வாசலில் வந்து நிற்கிறார்.

"தம்பி, அரிகிருஷ்ணன் எழுந்துட்டாரு. பன்னண்டு மணி வரைக்கும் ஜன்னலத் தொறக்காத."