மூலையில் ஒரு வட்டம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவருக்குக் காது கேட்காது. இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இல்லையென்றால், "அந்த மதகுரு பேசியதை நீ உன் காதால் கேட்டாயா?" என்று பின்னால் யாராவது வந்து மடக்கப் பார்ப்பார்கள். கேட்கவில்லை ஐயா. அன்று என் காதில் விழுந்தது புல்லாங்குழல். காது நன்றாகக் கேட்கிற அத்தனை பேருக்கும் அன்று புல்லாங்குழல்தான் கேட்டது.

சொன்னவர் என் அப்பா. அவர் பிறவியிலேயே காது கேளாதவர். நானும் என் தங்கையும் வாயால் பேசுவதற்கு முன்பே கையால் பேசியவர்கள். பிறகு நான் சொற்களின் பக்கம் போய்விட்டேன். கதை எழுதுகிறேன், அதைப் பிழைப்பு என்று சொல்லிக்கொள்கிறேன். தங்கை கையை விடவில்லை. தொலைக்காட்சியில் யார் பேசினாலும் திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்று ஒரு பெண் சைகையால் காட்டிக்கொண்டிருப்பாளே, அவள்தான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்ததாக நினைவிருக்காது.

2

தொடக்கம் வரவில்லை. எழுதி அடித்தவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"பாலத் திறப்பு விழா மேடையில் வெயில் சுள்ளென்று" (வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே நிறைய எழுதியாயிற்று.)

"அவளுடைய கைகள் இரண்டு பறவைகளைப் போல" (ஐயோ. சைகை மொழி என்றாலே எழுத்தாளர்களுக்குப் பறவை வந்துவிடுகிறது. தங்கை படித்தால் அடிப்பாள்.)

"பேச்சுரிமை என்பது ஒரு" (கட்டுரை. தூக்கிப் போடு.)

சரி, ஆட்களிலிருந்து தொடங்குகிறேன்.

3

நாட்டை ஆள்பவர் ஒருவர். தலைவர் என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் மதகுரு. இரண்டு பேருக்கும் பெயர் வைக்க மாட்டேன், எந்த மதம் என்றும் சொல்ல மாட்டேன். பயத்தால் அல்ல. (சரி, கொஞ்சம் பயத்தாலும்தான்.) நான் ஒரு மதத்தைச் சொன்னால் மற்ற மதத்துக்காரர்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். அந்த வசதியை நான் யாருக்கும் செய்து தரப்போவதில்லை.

அப்பாவிடமிருந்து பெயர்களைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். காது கேளாதவர்கள் ஒருவருடைய பெயரை எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்ததும் ஒரு சைகையைப் பெயராக வைத்துவிடுவார்கள். தலைவர் பேசும்போது மணிக்கட்டில் கடிகாரத்தை நகர்த்திக்கொண்டே இருப்பார். அவர் பெயர் கடிகாரம். மதகுரு கண்ணை மூடிக்கொண்டு பேசுவார், அவர் மூடுகண். என் பெயர் வாய். அதற்கு விளக்கம் கேட்காதீர்கள்.

கடிகாரமும் மூடுகண்ணும் பல மாதங்களாக வெளிப்படையாக மோதிக்கொண்டிருந்தார்கள். இவர் பொதுக்கூட்டத்தில் ஒன்று சொன்னால் அவர் பிரார்த்தனைக் கூட்டத்தில் பதில் கொடுப்பார். இரண்டு பேரையும் ஒரே மேடையில் உட்கார வைத்தால் ஊர் சமாதானம் ஆகிவிடும் என்று யாரோ புத்திசாலி யோசனை சொல்லியிருக்கிறார். போன வருடம் ஒரு பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது, பலர் செத்துப்போனார்கள். அதே இடத்தில் கட்டிய புதுப் பாலத்தின் திறப்பு விழா அது.

தலைவர் முதலில் பேசினார். "பிரார்த்தனையை அவர் பார்த்துக்கட்டும். பாலத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. பிறகு மதகுரு மைக்குக்கு வந்தார்.

4

என் தங்கை வேலை செய்யும் இடம் ஓர் அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய அறை. பின்னால் நீலத் துணி, எதிரே ஒரு கேமரா, ஒரு விளக்கு, காதில் ஒரு கருவி. ஒளிபரப்புச் சத்தம் சற்றுப் பிந்தி வருகிறது என்று சண்டை போட்டு, மேடை மைக்கிலிருந்து நேராகத் தன் காதுக்கு ஒரு தனி வயர் வாங்கியிருந்தாள்.

மதகுரு போன பாலம் என்று வாயெடுத்ததுமே கட்டுப்பாட்டு அறையில் பதறிப்போய்ச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். புல்லாங்குழலைப் போட்டு, ஆற்றையும் கொடிகளையும் காட்டினார்கள். மைதானத்து ஒலிபெருக்கியும் அடங்கிவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முன்வரிசையில் எல்லாருக்கும் ஒரு பதவி இருந்தது, அதனால் அவர்களுக்கும் கேட்கவில்லை.

மூலையில் இருந்த வட்டத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அது அங்கே இருப்பதையே மறந்துவிட்டிருந்தார்கள்.

நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா மேசையைத் தட்டினார். எங்கள் வீட்டில் மேசையைத் தட்டினால் ஓடி வா என்று அர்த்தம். ஓடினேன். திரையில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் என் தங்கையின் கைகள் நிற்கவில்லை. அப்பா அதையே எனக்குத் திரும்பக் காட்டினார், நான் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பதுபோல. அதைப் பேச்சில் எழுதினால் இப்படி வரும்:

"போன பாலம் விழுந்த அன்னைக்கு என் அறைக்கு வந்தது யாரு? இது ஆண்டவன் செயல்னு நீங்க சொன்னாத்தான் ஜனங்க அடங்குவாங்கன்னு என்கிட்ட கேட்டது யாரு? நான் சொன்னேன். செத்தவங்க வீடு வீடாப் போய்ச் சொன்னேன். அது ஆண்டவன் செயல் இல்ல. சிமெண்ட்ல மண்ணைக் கலந்தவங்க செயல். யாருன்னு இவருக்குத் தெரியும்."

(இதழாசிரியர் தொலைபேசியில்: "கதை பிரமாதம்மா. அந்தச் சிமெண்ட்டை மட்டும் எடுத்துடலாமே?" சிமெண்ட்டை எடுத்தால் எது நிற்கும் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.)

5

வட்டத்தைப் பார்த்தவர்கள் வழியாகச் சேதி ஊரெங்கும் பரவியது. மோதிக்கொண்டவர்கள் அந்த வாரம் முடிவதற்குள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேரும் கைகோத்து நிற்கும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. "நான் பாலத்தை ஆசீர்வதித்தேன், அந்தப் பெண் தானாக எதையோ காட்டியிருக்கிறார்" என்றார் மதகுரு. "பேச்சுரிமைக்கும் ஓர் எல்லை உண்டு" என்றார் தலைவர். என் தங்கை அன்று வாயே திறக்கவில்லை என்பதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

இந்த மதகுருவை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் அவரை வீரராக எழுதினேன். பிறகு கோழையாக எழுதினேன். தங்கையிடம் கேட்டேன். "எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவே பிடிக்காதுக்கா. பொம்பளைங்க வேலைக்குப் போகக் கூடாதுன்னு அவர் பேசினதையும் நான்தான் காட்டினேன், ஒரு சொல் குறையாம. அவர் நல்லவரா கெட்டவரான்னு பார்த்துக் காட்டுறது என் வேலை இல்ல" என்றாள். அதனால் அவரை இப்படியே பாதியில் விட்டுவிடுகிறேன்.

6

தொலைக்காட்சி நிலைய இயக்குநரை அப்பா மட்டுமல்ல, காது கேளாத எல்லாருமே கத்திரிக்கோல் என்பார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, திறந்து மூடினால் அவர். நிகழ்ச்சிகளை வெட்டுவதற்காக வைத்த பெயர் இல்லையாம், விழாக்களில் ரிப்பன் வெட்டுவாராம், அதற்காகவாம். அப்பா சொல்கிறார், நம்புகிறவர்கள் நம்பலாம்.

கத்திரிக்கோல் என் தங்கையைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் சார்."

"ஒரு சின்ன மன்னிப்பு, அவ்வளவுதான். நாளைக்குச் சாயங்காலம் செய்திக்கு முன்னாடி. வட்டத்துல இல்ல, முழுத் திரையில நீங்களே காட்டிடுங்க. காது கேளாதவங்கதானே பார்த்தாங்க? அவங்களுக்குப் புரியணும் இல்லையா?"

"என்னன்னு காட்டணும்?"

"அன்னைக்கு நீங்க காட்டினது அவர் பேசினது இல்ல, நீங்களா சேர்த்ததுன்னு."

"நானா எதையும் சேர்க்கல சார். காதுல விழுந்ததைக் காட்டினேன்."

"அதேதாம்மா நானும் சொல்றேன். காதுல விழுறதைக் காட்டுறதுதானே உங்க வேலை? நாளைக்கு இந்த மன்னிப்பு உங்க காதுல விழும். காட்டுங்க. அறிவிப்பாளர் என்னவோ திடீர்னு லீவ் போட்டுட்டார், நானே படிக்கறேன். காட்ட மாட்டேன்னா மறுநாள்லருந்து வர வேணாம்."

எனக்கு இதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. எந்த ஒழுங்கை அவள் இத்தனை வருடம் கட்டிக் காத்தாளோ, அதையே சுருக்காக்கி அவள் கழுத்தில் மாட்டுகிறான் மனிதன். (மரியாதை குறைந்துவிட்டது. குறையட்டும்.)

7

அன்று சாயங்காலம் ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தையல் வேலை செய்பவள், காது கேளாதவள், அப்பாவுக்குத் தெரிந்தவள். அவள் கணவன் போன வருடம் அந்தப் பாலத்தோடு போனவன். மன்னிப்பு வரப்போகிறது என்று அவளுக்கும் செய்தி எட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று தங்கையிடம் கேட்டாள். அவள் அவசரமாகக் காட்டியதால் பாதியை அப்பா எனக்குத் திரும்பக் காட்ட வேண்டியிருந்தது.

"நீ அன்னைக்குக் காட்டினது நிஜமா?"

"நிஜம்."

"இந்த ஒரு வருஷமா ஆண்டவன்மேல கோவமா இருந்தேன். அன்னைக்கு உன்னைப் பார்த்தப்புறம்தான் யார்மேல கோவப்படணும்னு தெரிஞ்சுது. நாளைக்கு நீயே பொய்னு காட்டினா, நான் மறுபடி அவன்கூடத்தான் சண்டை போடணும்."

தங்கை ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். எங்கள் வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். என் கதைகள் எங்கள் வீட்டில் விளக்கைக்கூட எரிய வைக்காது. இது தையல்காரிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

8

முடிவுகள்.

முதல் முடிவு: கத்திரிக்கோல் சொன்னதை அவள் காட்டுகிறாள், வேலை பிழைக்கிறது, தையல்காரி தொலைக்காட்சியை நிறுத்துகிறாள். நடக்கக்கூடியதுதான். எழுத எனக்குக் கை வரவில்லை.

இரண்டாவது முடிவு: முழுத் திரையில் அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் எழுதித் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "சினிமா" என்றாள். "கையைக் கட்டிட்டு நின்னா அது அவங்களுக்குத்தான் வசதி. நான் ஒண்ணுமே சொல்லலன்னு ஆயிடும்."

மூன்றாவது, நடந்தது.

மறுநாள் சாயங்காலம் தையல்காரி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதன்முறையாக என் தங்கை திரை முழுக்க நின்றாள். கத்திரிக்கோலின் குரல் படித்தது: "அன்று நான் காட்டியவை மதகுருவின் சொற்கள் அல்ல. அவற்றை நானாகச் சேர்த்தேன். அதற்காக வருந்துகிறேன்."

எனக்குக் கேட்டது இவ்வளவுதான். காது கேட்கிற எல்லாருக்கும் அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

அவள் கை முதலில் மேலே வந்தது. இரண்டு விரல்கள், திறந்து மூடின. கத்திரிக்கோல் சொல்கிறார்: அன்று நான் காட்டியவை மதகுருவின் சொற்கள் அல்ல. மறுபடி இரண்டு விரல்கள். கத்திரிக்கோல் சொல்கிறார்: அவற்றை நானாகச் சேர்த்தேன். மறுபடியும். கத்திரிக்கோல் சொல்கிறார்: வருந்துகிறேன். காதில் விழுந்ததில் ஒரு சொல்லையும் அவள் விடவில்லை. யார் சொல் என்பதையும் விடவில்லை.

அப்பா தட்டிய தட்டில் மேசைமேல் இருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டது. தையல்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரல்களைத் தூக்கினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரிப்பு எவ்வளவு சத்தமானது என்று அவளுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போனார்.

நிலையத்தில் கத்திரிக்கோல், "ரொம்ப அழகாப் பண்ணீங்கம்மா" என்று பாராட்டினாராம். அந்தக் கட்டடம் முழுவதிலும் சைகை மொழி தெரிந்தவள் என் தங்கை ஒருத்திதான்.

9

கதை நியாயமாக அங்கே முடிந்திருக்க வேண்டும். பார்த்துப் புரிந்தவர்கள் யாரும் இந்த முறை வெளியே சொல்லவில்லை. ஆனால் இப்போது நான் எழுதிவிட்டேனே. இது அச்சில் வந்தால் கத்திரிக்கோலுக்கும் தெரிந்துவிடும். அதனால் எட்டாவது பகுதியில் நடந்ததை அடித்துவிட்டு, இரண்டாவது முடிவோடு நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தேன். தங்கையின் வேலைக்காக. அவள் நன்மைக்காக. இப்படியெல்லாம் எனக்கு நானே அழகாகச் சொல்லிக்கொண்டேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து இரண்டு விரல்களை நீட்டி, திறந்து மூடினாள்.

எனக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது.

"உனக்கு வேலை போயிடும்டி" என்றேன்.

"போனா வேற பார்க்கலாம். நான் நாடே பார்க்கக் காட்டினதை நீ மறைச்சு வைக்கப்போறியா? எழுதுக்கா. சிமெண்ட்டையும் சேர்த்து எழுது."

அப்பா நாற்காலியில் இருந்தபடியே என் பெயரைச் சொல்லி, "வாயே, அவ சொல்றதைக் கேளு" என்று காட்டினார். அந்த இதழாசிரியருக்கு நன்றி சொல்லி, கதையைத் திரும்ப வாங்கி வேறு இதழுக்கு அனுப்பினேன். அந்த வேறு இதழ்தான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

10

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவராக இருக்கலாம். நீங்கள் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கத்திரிக்கோலின் மேசையில் வைக்கலாம். அவளை அனுப்பிவிடுவார்கள், உங்களுக்கு டீ சொல்வார்கள். அல்லது நேராகப் போய், அந்த நீலத் துணி அறையின் வாசலில் நின்று, வேறு ஒன்று செய்யலாம். அதற்கு இதழைக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல். நீட்டுங்கள். திறந்து மூடுங்கள். அது யார் சொல் என்று உங்களுக்கும் தெரியும் என்பது அவளுக்குப் புரியும்.

மற்றவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று புல்லாங்குழல் கேட்டால், ஆற்றைப் பார்க்காதீர்கள். மூலையைப் பாருங்கள். அவள் அங்கே இன்னும் நிற்கிறாளா என்று எனக்குச் சொல்லுங்கள்.