நாற்பத்தேழாம் பக்கம்

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொழில்முறையில் நான் பத்திர எழுத்தர். தென்காசியில் பதிவு அலுவலகத்துப் பக்கம் ஒரு மேசை, ஒரு கணினி, ‘உமாசங்கர்’ என்று ஒரு பலகை. கதை எழுதுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இன்று வியாழக்கிழமை. கடைக்கு வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: “குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய அன்று அபர்ணா ஊருக்கு வந்தாள். மலைமேல் மேகம்—”

[அடித்துவிட்டேன். குற்றாலம் என்றதும் எவனுக்கும் கை நேராக அருவிக்குத்தான் போகிறது. – உ.ச.]

தொடக்கம் இரண்டு: “பாவம், அந்தப் பெண்—”

[இதையும் அடித்தேன். பாவம் என்று சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். – உ.ச.]

அடித்த வரிகளை ஏன் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2

அபர்ணா குத்துக்கல்வலசையில் எனக்குப் பக்கத்து வீடு. அப்பா பாண்டிராஜ் வடகரையில் நெல் போடுகிறார். அம்மா சங்கரேஸ்வரி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார்.

அபர்ணா பத்தாம் வகுப்புப் படித்தபோது பாண்டிராஜ் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். அதே பெயரில் வந்த இன்னொருவரின் முடிவு இவர் கையில் வந்து சேர்ந்தது. இல்லாத சர்க்கரைக்கு நான்கு மாதம் மாத்திரை தின்று, இரண்டு தடவை வயலில் மயங்கி விழுந்தார். விஷயம் தெரிந்ததும் நானும் அவர்களோடு ஒரு வக்கீலிடம் போனேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் எது தப்பு என்று ஒரு டாக்டர் எழுதித் தரட்டும் என்றார். டாக்டரோ, கோர்ட் சமாச்சாரத்துக்கு நான் வரவில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அபர்ணா கேட்டாள். “ரெண்டும் தெரிஞ்ச ஆளே கிடையாதா மாமா?”

கிடையாது என்றேன். அந்த ஆளாகத் தானே ஆகிவிடுவது என்று அவள் முடிவு செய்தது எனக்குப் பிறகுதான் தெரியும். இப்போது வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டமும் உயிர்மருத்துவ அறிவியலும் சேர்ந்த படிப்பில் மூன்றாம் ஆண்டு. காலையில் சாட்சியச் சட்டம், மதியம் ரத்த மாதிரிகள்.

(மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால் பாண்டிராஜ், “பாதி வக்கீலு, பாதி டாக்டரு” என்பார். “டாக்டர் இல்லப்பா” என்று அவள் திருத்துவாள். “அப்ப முக்கா வக்கீலு” என்பார்.)

3

இனி தப்புக்கு வருகிறேன். அது பாதி என்னுடையது.

பிளஸ் டூ முடிந்த விடுமுறையில் அபர்ணா என் மேசையில்தான் பத்திரம் அடிக்கப் பழகினாள். எங்கள் தொழிலில் ஒரு கௌரவம் உண்டு: பத்திரத்தில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. ஒரு எழுத்து பிசகினாலும் தாளை மாற்று, புதிதாக அடி. இதை நான் அவளுக்கு மந்திரம் மாதிரி ஓதினேன்.

போன மாதம் ஆய்வகத்தில், ஆறாம் மாதிரியின் அளவை ஏழாம் மாதிரிக்கு நேரே எழுதிவிட்டாள். உடனே கண்டுபிடித்தும்விட்டாள். பிறகு செய்ததுதான் விபரீதம். என்னிடம் பழகிய கை பக்கத்தைக் கிழித்துவிட்டு, எல்லாவற்றையும் அடுத்த பக்கத்தில் முத்து முத்தாக எழுதியது.

ஆய்வகக் குறிப்பேட்டில் அது கூடவே கூடாதாம். தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். தாளைக் கிழித்தால் எதையோ மறைத்ததாக அர்த்தம். ஒரு தாளுக்கு ஓர் எண் என்று முன்பக்கத்தில் மட்டும் அச்சடித்திருக்கும். நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தெட்டு.

விசாரணைக் குழு போட்டுவிட்டார்கள். மோசடி என்று முடிவானால் அறிவியல் போய்விடும். சட்டம் மட்டும் மிஞ்சும்.

4

விசாரணைக்கு முன் அபர்ணா ஊருக்கு வந்திருந்தாள். போன ஞாயிறு குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். குளித்தால் பிள்ளைக்குத் தலைச்சூடு இறங்கும் என்பது சங்கரேஸ்வரியின் வைத்தியம். தண்ணீர் அதிகமென்று போலீஸ் கயிறு கட்டியிருந்தது. டீக்கடையில் ஒதுங்கி நின்றோம்.

“அந்த பெலிக்ஸ் பையன் சொல்லுதது சரிதான் அண்ணாச்சி” என்றார் சங்கரேஸ்வரி. பெலிக்ஸ் அபர்ணாவின் வகுப்புத் தோழன். “தாளு தண்ணில நனைஞ்சு ஊறிப்போச்சு, அதான் கிழிச்சேன்னு சொல்லிட்டா முடிஞ்சுதுல்லா? யாரு வந்து பாக்கப் போறா?”

இந்த இடத்தில் கதாசிரியர் நல்லவராகக் குறுக்கிட்டிருக்க வேண்டும். இல்லை. நான் பேனாவை எடுத்து, ஒரு துண்டுத் தாளில் “எதிர்பாராத விதமாக நீர் பட்டு எழுத்துகள் சிதைந்தமையால்” என்று அந்தப் பொய்க்கு ஒரு சட்டையும் மாட்டிவிட்டேன். வாசகம் நன்றாகத்தான் இருந்தது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அபர்ணா அதைப் படித்துவிட்டு மடித்துக்கொண்டே கேட்டாள்.

“மாமா, கெட்டுப்போன முத்திரைத்தாள என்ன செய்வோம்?”

“தூரப் போட மாட்டோம். ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கணும்லா, பத்திரமா வச்சிருப்போம்.”

“அதையும் நீங்கதான சொல்லித் தந்திய?”

பையிலிருந்து சாட்சியச் சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். நடுவில் நான்காய் மடித்த ஒரு தாள். மூலையில் 47. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத தாள்.

“ஏட்டி, இதை அங்கன காட்டுனா நீயே மாட்டிக்கிடுவியேட்டி!” சங்கரேஸ்வரிக்குக் குரல் உடைந்துவிட்டது.

“காட்டாட்டிதான்மா மாட்டிக்கிடுவேன். ரெண்டு பக்கத்தையும் சேத்துவச்சுப் பாத்தா நான் எந்த எண்ணையும் மாத்தலன்னு தெரியும். இடம்தான் மாறியிருக்கு.”

“காட்டியும் அந்தப் படிப்பு போச்சுன்னா?”

“போனா போவட்டும். அப்பா கையில தப்பான தாளைக் கொடுத்தவங்களைக் கேக்கத்தான் நான் படிக்கப் போனேன். நானே பொய்த் தாள் கொடுக்கவா?” பிறகு என்னைப் பார்த்தாள். “ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்லான்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு ரெண்டும் சேந்துதான் மாமா ஒண்ணு.”

டீ ஆறிப்போயிருந்தது. நான் எழுதிய வாசகத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன். கையெழுத்தும் தேதியும் போட்டேன். அவள் சிரித்துவிட்டாள். ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

5

ஒரு சந்தேகம். கிழித்த தாளை ஒருத்தி அப்படியே வைத்திருப்பாளா? கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். நானும் சுளித்தேன். ஆனால் என் மேசை இழுப்பறையைத் திறந்தால் கெட்டுப்போன தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அவற்றை அடுக்கிவைப்பது அந்த விடுமுறையில் அவள் வேலை. தப்பையும் நான்தான் பழக்கினேன், தப்பிக்கும் வழியையும் நான்தான் பழக்கினேன் என்று மார்தட்டிக்கொள்ள ஆசை. ஆனால் அந்தத் தாளைக் குழுவின் முன் நீட்டும் தைரியம் என் மேசையில் கற்றதல்ல.

முடிவு ஒன்று: குழுத் தலைவர் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்து—

[அடித்தேன். எந்தக் குழுவில் இப்படி நடக்கும்? – உ.ச.]

முடிவு இரண்டு: எச்சரிக்கைக் கடிதம், அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத வேண்டும். எட்டு வருடம் கழித்துத் தென்காசி நீதிமன்றத்தில், ரத்த அறிக்கை ஒன்றைக் கையில் பிடித்தபடி, “இதுல எது தப்புன்னு நானே சொல்லுதேன்—”

[இதை அடிக்க மனம் வரவில்லை. கையெழுத்து மட்டும் போடுகிறேன். – உ.ச.]

6

விசாரணை இன்றுதான். அந்த அவசரம்தான் இது. பதினொன்றரை மணிக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: “கூப்பிட்டாச்சு மாமா. ரெண்டு பக்கத்தையும் மேசை மேல வைக்கச் சொல்லுதாவ. அம்மாவ பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க.”

இப்போது மணி ஒன்று. சங்கரேஸ்வரி கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “நல்லதா எழுதுங்க அண்ணாச்சி” என்கிறார்.

என்னால் முடியும். ஒரு பிசகு இல்லாமல் முத்து முத்தாக எழுத முடியும். அந்தப் பழக்கத்தால்தான் அவள் இன்று அங்கே நிற்கிறாள். அதனால் பேனாவை உங்களிடம் தருகிறேன். நீங்கள் எழுதுங்கள். தப்பாகப் போனால் கிழிக்காதீர்கள். ஒரே ஒரு கோடு, பக்கத்தில் உங்கள் கையெழுத்து, இன்றைய தேதி.

கதவு திறந்தது. அபர்ணா வெளியே வந்தாள். அவள் கையில் ................................